ஆய்வகத்துக்குள் வந்த சுரங்கத்து உரிமை

பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகம், ஊழியர்களின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பெரிதும் பாதிக்கக்கூடிய ஏற்பாட்டைச் செய்வதற்கு முன், அவர்களுடைய பிரதிநிதிகளைக் கலந்துகொள்ளக் கடமைப்பட்டிருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்தில் பிறந்த இந்தக் கடமை ஆய்வகத்துக்கு வந்து சேர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1860-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், வெட்டியெடுத்த கரியின் எடையைச் சரிபார்க்கத் தொழிலாளர்கள் தங்கள் ஆள் ஒருவரை வைத்துக்கொள்ள வழி செய்தது. கூலி எடையைப் பொறுத்திருந்ததால் முதலில் போராடிப் பெற்ற உரிமை அது. 1872-இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி போயிற்று. தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒருவரையோ இருவரையோ தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை சுரங்கத்தைச் சுற்றிப் பார்த்துச் சோதிக்கச் செய்யலாம் என்றது. செலவு தொழிலாளர்களுடையது. அன்றைய கூலியில் அது எளிதான காரியமல்ல. குறையைச் சொல்பவர் முதலாளியின் கோபத்துக்கும் ஆளாக வேண்டும். ஆனாலும் ஆபத்தான இடத்தை அங்கே உழைப்பவரே சோதிக்கலாம் என்பது சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

ஆலைகளின் கதை வேறு. 1833-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுமைக்கும் நான்கு இன்ஸ்பெக்டர்களை நியமித்தது. அன்றிலிருந்து ஆலைச் சட்டங்கள் வெளியிலிருந்து வரும் அதிகாரியையே நம்பின. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சட்டம் என்று குவிந்துகொண்டே போய், 1961-இல் தொழிற்சாலைச் சட்டமும் 1963-இல் அலுவலகம், கடை, ரயில்வே கட்டடங்களுக்கான சட்டமும் வந்தன. வேதியியல் ஆய்வகம் தொழிற்சாலையும் அல்ல, அலுவலகமும் அல்ல. பெயின்ட் ஆலையில் இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்கக்கூடிய அதே கரைப்பான், பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததும் சட்டத்தின் பார்வையிலிருந்து மறைந்துவிடும்.

பல்கலைக்கழகங்களின் அமைப்பும் இதற்குத் தோதாக இருந்தது. அரச சாசனம் பெற்ற தன்னாட்சி நிறுவனங்கள் அவை. துறைத் தலைவரான பேராசிரியர் சொல்வதே அந்தத் துறைக்குச் சட்டம். எந்தக் கிருமியை வளர்ப்பது, எந்த அறையில் வளர்ப்பது என்பதை அவர் முடிவு செய்வார். அந்த முடிவின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பவர்கள் வேறு ஆட்கள்: கண்ணாடிக் குடுவை கழுவும் உதவியாளர், விலங்குக் கூண்டைச் சுத்தம் செய்பவர், வாயு சிலிண்டரை உருட்டி வரும் கடைநிலை ஊழியர், விடியற்காலையில் குப்பைக் கூடையைக் காலி செய்யும் துப்புரவுப் பணியாளர். இவர்களிடம் யாரும் எதையும் கேட்கும் வழக்கம் இல்லை. எழுத்தில் வைத்துக் கேட்கும் உரிமையும் இவர்களுக்கு இல்லை.

மாற்றத்துக்கு வழிவிட்டது, பணியிடப் பாதுகாப்பை ஆராய 1970-இல் அமைச்சர் பார்பரா காசில் அமைத்த குழு. அதன் தலைவர் ராபன்ஸ் பிரபு, அப்போது தேசிய நிலக்கரி வாரியத்தின் தலைவராக இருந்தவர். 1966-இல் வேல்ஸின் ஆபர்பான் கிராமத்தில் சுரங்கக் கழிவு மேடு சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்தபோதும் அந்தப் பொறுப்பில் இருந்தவர் அவரே. அப்படிப்பட்டவரிடம் இந்த வேலையைக் கொடுத்தது பலரைப் புண்படுத்தியது. அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது. ஆனால் 1972-இல் வெளிவந்த அறிக்கையின் மையக் கருத்து நிலைத்துவிட்டது. சட்டங்கள் மிதமிஞ்சிப் போய்விட்டன. ஆபத்தை உண்டாக்குகிறவர்களும் அதனோடு வேலை செய்கிறவர்களும் சேர்ந்துதான் அதைச் சமாளிக்க வேண்டும். ஊழியர்களைக் கலந்துகொள்வது முதலாளியின் சட்டக் கடமையாக வேண்டும் என்றது அந்த அறிக்கை. அறிக்கை விட்ட இடைவெளியைத் தொழிற்சங்கங்கள் நிரப்பின. வெறும் கலந்துரையாடல் போதாது, பிரதிநிதியை நியமிக்கும் உரிமை வேண்டும் என்று அவை கேட்டன.

1974 ஜூலை 31 அன்று பணியிட உடல்நலம், பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. இரண்டு மாதம் முன்பு, ஜூன் 1-ஆம் தேதி, பிளிக்ஸ்பரோ ரசாயன ஆலை வெடித்து 28 பேர் இறந்திருந்தார்கள். வீட்டு வேலைக்காரர் தவிர ஏறக்குறைய எல்லா உழைப்பாளரும் இந்தச் சட்டத்துக்குள் வந்தார்கள். பள்ளி ஆசிரியர், மருத்துவமனை ஊழியர், பல்கலைக்கழக ஊழியர் என்று பல லட்சம் பேருக்கு அதுவே முதல் பாதுகாப்புச் சட்டம். சட்டத்தின் இரண்டாம் பிரிவு, அங்கீகாரம் பெற்ற சங்கம் பாதுகாப்புப் பிரதிநிதிகளை நியமிக்கவும், முதலாளி அவர்களைக் கலந்துகொள்ளவும், அவர்கள் கேட்டால் பாதுகாப்புக் குழு அமைக்கவும் வகை செய்தது. சங்கத்தில் இல்லாதவர்கள் தேர்தல் மூலம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கவும் அதில் ஒரு உட்பிரிவு இருந்தது. 1975-இல் அதை நீக்கிவிட்டார்கள். விதிமுறைகள் 1977-இல் எழுதப்பட்டு, 1978 அக்டோபர் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. சட்டத்துக்கும் விதிக்கும் இடையில் நான்கு ஆண்டு.

அந்த இடைவெளியில் பல்கலைக்கழகங்களில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, மரபணுவை வெட்டி ஒட்டும் ஆராய்ச்சி. அதன் ஆபத்தை எடைபோட 1976-இல் அரசு அமைத்த ஆலோசனைக் குழுவில் விஞ்ஞானிகளோடு தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கும் இடம் தரப்பட்டது. இத்தகைய ஆய்வு நடக்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஊழியர்களும் இடம்பெறும் உள்ளூர்ப் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றும் அது எதிர்பார்த்தது. பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தை அவருடைய ஆய்வக உதவியாளர் ஒரே மேசையில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் ஏற்பாடு பலருக்கு அதுவரை பழக்கமில்லாதது.

மற்றொன்று பர்மிங்ஹாமில் நடந்தது. அதற்கு முன்பே ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. 1973-இல் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் ஆய்வக உதவியாளர் ஒருவருக்குப் பெரியம்மை தொற்றியது. மருத்துவமனையில் அவருக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்த நோயாளியைப் பார்க்க வந்த இருவர் அதே நோயில் இறந்தார்கள். விசாரணை நடந்தது, கொடிய கிருமிகளுக்கென்று ஓர் ஆலோசனைக் குழுவும் பிறந்தது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் பெரியம்மை ஆய்வகத்தை அந்தக் குழு இரண்டு முறை பார்த்து, வேலை தொடரலாம் என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்களும் வந்தார்கள். கட்டட வசதி தங்கள் தரத்துக்கு இல்லை என்று சொன்னவர்கள், வேலை முறையில் சில திருத்தங்களை மட்டும் பரிந்துரைத்துவிட்டுப் போனார்கள். 1978 இறுதியில் ஆய்வகத்தை மூடுவதாக முடிவாகியிருந்தது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வேலை குறைவதற்குப் பதில் கூடியது.

அந்த ஆய்வகத்துக்கு மேல் மாடியில், உடற்கூறியல் துறையின் மருத்துவப் புகைப்படக்காரர் ஜேனட் பார்க்கர் வேலை செய்தார். பெரியம்மை ஆராய்ச்சிக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் கடைசியாக அம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்டது 1966-இல். 1978 ஆகஸ்ட் 11 அன்று உடம்பு சரியில்லாமல் போயிற்று. முதலில் சின்னம்மை என்று நினைத்தார்கள். செப்டம்பர் 11 அன்று இறந்தார். உலகில் பெரியம்மையால் இறந்த கடைசி மனிதர் அவர்தான். ஆய்வகத் தலைவர் பேராசிரியர் ஹென்றி பெட்சன் அதற்குச் சில நாள் முன்பே தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பேராசிரியர் ஷூட்டர் தலைமையிலான விசாரணை, கிருமி மேலே போயிருக்கக்கூடிய வழிகளாகக் கட்டடத்தின் குழாய்த் தடத்தின் ஊடே வந்த காற்று, ஆள் வழித் தொடர்பு, கிருமி பட்ட பொருள் ஆகிய மூன்றையும் சொன்னது. ஆய்வக ஊழியர் சிலருக்குச் சிறப்புப் பயிற்சியே தரப்படவில்லை என்றும் பதிவு செய்தது. இந்த அறிக்கையை 1979 ஜனவரியில் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது ஏ.எஸ்.டி.எம்.எஸ். என்ற சங்கம். ஆய்வக ஊழியர்கள் பெருமளவில் சேர்ந்திருந்த அந்தச் சங்கத்தின் பொதுச் செயலாளர் கிளைவ் ஜென்கின்ஸ். பல்கலைக்கழகத்தின் மீது அரசு தொடுத்த வழக்கில், கிருமி போன வழி நிரூபணமாகாமல், 1979-இல் பல்கலைக்கழகம் விடுதலையானது.

பிரதிநிதி ஒருவர் இருந்திருந்தால் ஜேனட் பார்க்கர் பிழைத்திருப்பார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் பெட்சனிடம் பேசிவிட்டுப் போனார்கள். கீழே என்ன நடக்கிறது, இந்தக் கட்டடத்தில் யார் யாருக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்று மாடியில் இருந்தவர்கள் கேட்க ஒரு வாசலும் இல்லை. அந்த வாசலைத் திறக்கும் விதிகள் அவர் இறந்த இருபதாம் நாள் அமலுக்கு வந்தன.

விதிகள் தந்தவை உறுதியானவை. பிரதிநிதி மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எழுத்தில் அறிவித்துவிட்டு, பணியிடத்தைச் சோதிக்கலாம். விபத்து நடந்தால் விசாரிக்கலாம். பாதுகாப்பு ஆவணங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பயிற்சிக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் உண்டு. இந்தப் பணியில் தவறினாலும் சட்டப் பொறுப்பு அவர் மேல் விழாது. இரண்டு பிரதிநிதிகள் எழுதிக் கேட்டால் மூன்று மாதத்துக்குள் பாதுகாப்புக் குழு அமைத்தாக வேண்டும். 1872-இன் சுரங்கத் தொழிலாளி தன் கைக்காசில் செய்ததை இப்போது ஆய்வக உதவியாளர் சம்பளத்தோடு செய்தார்.

சோதனையில் கண்ணில் படுபவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான். நச்சு ஆவியை வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டின் மேல் ஒட்டிய சீட்டில் கடைசியாகக் காற்றோட்டம் அளந்த தேதி பழசாக இருக்கும். ஈதர் புட்டியில் திறந்த தேதியே எழுதியிருக்காது. திறந்து நாளான ஈதரில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேரும். அவசர வழியில் புதுக் கருவி வந்த அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். சாதாரணக் குப்பைக் கூடையில் ஊசி கிடக்கும். அது பேராசிரியரின் கண்ணில் படாது, அந்தக் கூடையைக் கையால் எடுக்கும் பெண்மணிக்குத் தெரியும். கலந்துகொள்வதன் பலன் முழுக்க இந்த மாதிரி அறிவில்தான் இருக்கிறது.

1989-இல் ஐரோப்பிய சமூகத்தின் பாதுகாப்பு நெறிமுறை வந்தது. அதையொட்டி 1992-இல், முடிவெடுத்த பிறகு தகவல் சொல்வது போதாது, உரிய காலத்தில் முன்கூட்டியே கலந்துகொள்ள வேண்டும் என்று பிரிட்டிஷ் விதிகளில் சேர்த்தார்கள். சங்கம் இல்லாத ஊழியர்களைப் பிரிட்டன் விட்டுவிட்டது என்ற குறை 1994-இல் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பின் எடுபட்டது. 1996 அக்டோபர் முதல் அவர்களையும் நேரடியாகவோ தேர்ந்தெடுத்த பிரதிநிதி வழியாகவோ கலந்துகொள்ள வேண்டியதாயிற்று.

ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. பிரிட்டிஷ் பிரதிநிதி ஆபத்தைச் சுட்டிக்காட்டலாம். வேலையை நிறுத்தச் சொல்ல முடியாது. ஸ்வீடனில் 1974 முதலே பிரதிநிதிக்கு அந்த அதிகாரம் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1985-இல், குறையைத் திருத்தக் கெடு விதிக்கும் தற்காலிக ஆணையைப் பிரதிநிதியே பிறப்பிக்க இடம் கொடுத்தது. ஆராய்ச்சி மாணவர் பெரும்பாலும் சட்டப்படி ஊழியர் அல்லர். இரவு பதினோரு மணிக்கு ஆய்வகத்தில் தனியாக நிற்பவர் அவராக இருந்தாலும் கலந்துகொள்ளும் கடமை அவரைச் சேராது. நல்ல பல்கலைக்கழகங்கள் மாணவர் சங்கத்துக்குக் குழுவில் ஓர் இடம் தருகின்றன.

இதைவிட மோசமானது ஒப்பந்ததாரர் வழி வந்த மாற்றம். துப்புரவு, உணவகம், காவல் வேலைகள் வெளி நிறுவனங்களுக்குப் போனபோது, அந்த ஊழியர்கள் பல்கலைக்கழகத்தின் ஊழியர்களாக இல்லாமல் போனார்கள். குப்பைக் கூடையில் ஊசியைப் பார்ப்பவருக்கு அதைச் சொல்லும் இடம் அந்தக் குழுவில் இல்லை. லண்டனின் சோவாஸ் கல்லூரித் துப்புரவுப் பணியாளர்கள் பல ஆண்டு போராடி 2018-இல் நேரடி ஊழியர்களாகத் திரும்பினார்கள்.

குழுக்களின் மேசைக்கு வரும் விஷயங்களும் காலத்தோடு மாறின. 2004-இல் கட்டட நிர்வாகிகள் ஆஸ்பெஸ்டாஸ் எங்கே இருக்கிறது என்று கண்டறிந்து பராமரிக்கும் கடமை அமலுக்கு வந்தது. போருக்குப் பிந்தைய கட்டடங்களில் சுவரில் ஆணி அடிக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி அது. அதே ஆண்டு அரசின் பாதுகாப்பு நிர்வாகம் வேலை அழுத்தத்துக்கான தரநிலைகளை வெளியிட்டது. அதன்பின் விரிவுரையாளரின் வேலைப் பளுவும் பாதுகாப்புக் குழுவின் விஷயமாயிற்று. 2020-இல் கொரோனா வந்தபோது எந்த வகுப்பறையில் எத்தனை பேர், ஜன்னல் திறக்குமா, விரிவுரை நேரிலா இணையத்திலா என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஆபத்து மதிப்பீடுகள் தயாராயின. சில இடங்களில் வரைவு நிலையிலேயே பிரதிநிதிகளின் கைக்கு வந்தன. சில இடங்களில் முடிவான பிறகு வந்தன என்று சங்கங்கள் முறையிட்டன. அவை எடுத்துக்காட்டியது 1992-இல் சேர்ந்த அந்த ‘உரிய காலத்தில்’ என்ற விதியைத்தான்.