அளவறிந்த உடல்: நெடுந்தூர டிரையத்லானில் பயிற்சியும் உணவும்

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாமல் அடுத்தடுத்துச் செய்து முடிக்கும் டிரையத்லான் என்னும் போட்டியின் நெடுந்தூர வடிவம், 3.86 கி.மீ. கடல் நீச்சலையும் 180.2 கி.மீ. மிதிவண்டிப் பயணத்தையும் 42.195 கி.மீ. மாரத்தான் ஓட்டத்தையும் ஒரே நாளுக்குள் அடக்கியது. 1978இல் இது தொடங்கப்பட்டபோது மனத்திட்பத்தின் சோதனையாகவே கருதப்பட்டது. எப்படிப் பயில வேண்டும், வழியில் எதை எவ்வளவு உண்ண வேண்டும் என்பவற்றைச் சொல்லித்தர எவரும் இருக்கவில்லை. உடல் எவ்வளவு தாங்கும் என்று கேட்டுப் பிறந்த ஒரு விளையாட்டு, உடலுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்கப் பழகிய கதையே அதன் பயிற்சி, உணவு ஆகியவற்றின் வரலாறாகும். அந்தக் கல்வியில் ஆய்வகங்களுக்கு இருந்த பங்கு பெரிது. சாலையோரத்தில் தளர்ந்து விழுந்தவர்களுக்கு இருந்த பங்கு அதனினும் சிறிதன்று.

டிரையத்லான் என்ற பெயரில் நவீன காலத்தில் நடந்த முதல் போட்டி, 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான்டியாகோ நகரிலுள்ள மிஷன் பே என்னும் கடற்கழிப் பகுதியில், 46 பேர் பங்கேற்க நடந்தது. அவர்களுள் ஒருவரான கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் பின்னர் ஹவாய்க்கு மாற்றலாகிச் சென்றார். அங்கே 1977இல் ஓர் ஓட்டப் போட்டியின் பரிசளிப்பின்போது, ஓட்டக்காரர்களே உடல்வலிமை மிக்கவர்களா, நீச்சல்காரர்களா என்ற விவாதம் எழ, பெல்ஜிய மிதிவண்டி வீரர் எடி மெர்க்ஸின் பெயரையும் அதில் இழுத்துவிட்ட காலின்ஸ், ஓவாஹு தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த மூன்று போட்டிகளை ஒன்றாகக் கோத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்றார். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கடலில் இறங்கினர். 12 பேர் முடித்தனர். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முதலாவதாக வந்தார்.

அந்த முதல் போட்டியில் உணவு நிலையங்கள் கிடையாது. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய தண்ணீரையும் தீனியையும் சுமந்துவரத் தம்முடைய துணையாட்களைத் தாமே அழைத்துவந்தனர். மாரத்தானின் பெரும்பகுதி வரை முன்னிலையில் இருந்த ஜான் டன்பாரின் துணையாட்களிடம் தண்ணீர் தீர்ந்துபோக, அவருக்குப் பீர் கொடுக்கப்பட்டது என்று அப்போட்டியைப் பற்றி எழுதியவர்கள் பலரும் குறிப்பிடுகின்றனர். அவர் தோற்றதற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல இயலாது. எனினும் வழியுணவு என்பது போட்டியின் ஓர் உறுப்பாக எண்ணப்படாத காலம் அது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இத்தனைக்கும், தேவையான அறிவியலின் அடிப்படை அதற்கு முன்பே உருவாகியிருந்தது. சுவீடனில் யோனாஸ் பெரிஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு, ஒரே மிதிவண்டிக் கருவியில் எதிரெதிரே அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு காலால் மட்டுமே களைத்துப்போகும்வரை மிதித்தனர். பின்னர் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டபடி, ஊசிவழியே இரு கால்களிலிருந்தும் தசைத்துணுக்குகளை எடுத்து ஆராய்ந்தனர். 1966இல் வெளியான அம்முடிவின்படி, உழைத்த காலின் தசையில் கிளைக்கோஜன், அதாவது உடல் மாவுச்சத்தைச் சேமித்துவைக்கும் வடிவம், ஓய்ந்திருந்த காலில் உள்ளதைப்போல ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகியிருந்தது. போட்டிக்கு முந்தைய நாள்களில் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு போன்றவற்றை மிகுதியாக உண்டு தசையை நிரப்பிக்கொள்ளும் வழக்கம் இந்த ஆய்வுகளிலிருந்தே வளர்ந்தது. அமெரிக்காவிலோ, புளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேடும் அவருடைய குழுவினரும் 1965இல் உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் ஒன்றை அங்குள்ள அமெரிக்கக் கால்பந்து அணிக்காக உருவாக்கியிருந்தனர்.

நெடுந்தூர டிரையத்லானின் கணக்கு இந்த அறிவின் துணையின்றித் தீராத கணக்காகும். தசையிலும் கல்லீரலிலுமாக ஒருவர் சேமித்துவைக்கக்கூடிய கிளைக்கோஜன் ஏறத்தாழ 2,000 கிலோ கலோரி ஆற்றலையே தரும். போட்டி முழுவதற்கும் 8,000 முதல் 10,000 கிலோ கலோரி வரை செலவாகும். எஞ்சியதை உடற்கொழுப்பிலிருந்து எடுக்கலாம் என்றால், கொழுப்பு ஏராளமாக இருப்பினும் மெதுவாகவே எரியும். வேகம் கூடக்கூட உடல் கிளைக்கோஜனையே மேலும் மேலும் நாடும். ஆகவே கொழுப்பை எரிக்கும் திறனைப் பயிற்சியால் வளர்ப்பது, வழியில் மாவுச்சத்தை இடைவிடாது ஊட்டுவது என்ற இரண்டே வழிகள் வீரருக்கு உண்டு. பின்வந்த பத்தாண்டுகளின் முயற்சி முழுவதும் இவ்விரண்டைச் சுற்றியே அமைந்தது.

1979இல் ஓர் அமெரிக்க விளையாட்டு இதழில் வெளிவந்த கட்டுரையும், 1980இல் தொலைக்காட்சி ஒளிபரப்பும் இப்போட்டியை ஹவாய்க்கு வெளியே கொண்டுசென்றன. அந்த 1980ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் நீச்சல் பயிற்றுநராக இருந்த டேவ் ஸ்காட் 9 மணி 24 நிமிடம் 33 விநாடியில் வென்று, முந்தைய வெற்றி நேரத்தை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைத்தார். மூன்று விளையாட்டுகளையும் ஒரே விளையாட்டாகக் கொண்டு திட்டமிட்டுப் பயின்றதும், கொழுப்பைக் கழிக்கப் பாலாடைக்கட்டியைக்கூடத் தண்ணீரில் அலசி உண்ணும் அளவுக்கு உணவில் கண்டிப்புக் காட்டியதும் அவரைப் பிறரிடமிருந்து பிரித்தன. 1981இல் போட்டி, ஹவாய்ப் பெருந்தீவின் கோனா நகருக்கு மாறியது. எரிமலைக் குழம்பு உறைந்த கருநிலத்தினூடே நிழலின்றிச் செல்லும் அந்நெடுஞ்சாலையின் வெப்பமும் குறுக்குக்காற்றும், நீரிழப்பு என்பதைத் தவிர்க்க முடியாத சிக்கலாக ஆக்கின.

1982 பிப்ரவரியில் அங்கே நிகழ்ந்தது உலகெங்கும் காணப்பட்டது. உடற்பயிற்சி உடலியல் பயின்றுவந்த ஜூலி மாஸ் என்ற மாணவி, தம் பட்டப்படிப்பு ஆய்வுக்காக இப்போட்டியில் இறங்கி, பெண்கள் பிரிவில் முன்னிலையில் வந்துகொண்டிருந்த நிலையில், இறுதிக்கோடு கண்ணுக்குத் தெரியும் தொலைவில் கால்கள் மடங்கி மீண்டும் மீண்டும் விழுந்தார். காத்லீன் மக்கார்ட்னி அவரைக் கடந்து வென்றார். மாஸ் தவழ்ந்து சென்று 29 விநாடி பின்னதாகக் கோட்டைத் தொட்டார். அந்தக் காட்சியில் பெரும்பாலோர் கண்டது மன உறுதியை. அதற்குரிய பெருமையைக் குறைக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் மனம் ஆணையிட்டும் கால் கேளாத ஒரு கட்டம் உண்டு என்பதையும் அதே காட்சி காட்டியது. பயிற்றுநர்கள் கற்க வேண்டியிருந்தது அந்த இரண்டாவது பாடத்தையே.

பயிற்சியின் பக்கத்தில் அப்பாடத்தை ஆழமாகக் கற்றவர் டிரையத்லான் வீரர் மார்க் ஆலன். பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இல் கொண்டுவந்த கம்பியில்லா இதயத்துடிப்பு மானி, ஓடிக்கொண்டே தம் துடிப்பை அறியும் வசதியை வீரர்களுக்குத் தந்திருந்தது. பயிற்றுநர் பில் மஃபெட்டோன், 180இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணை அடிப்படையாகக் கொண்டு, அதற்கு மேல் துடிப்பு உயராதபடி பல மாதங்கள் மெதுவாகப் பயிலுமாறு ஆலனுக்கு அறிவுறுத்தினார். நிமிடத்துக்கு 155 துடிப்பு என்ற அந்த வரம்புக்குள் நிற்க, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 நிமிடம் என்ற, அவருக்கு மிகவும் மந்தமான வேகத்துக்கு ஆலன் இறங்க வேண்டியிருந்தது. காலப்போக்கில் அதே துடிப்பில் 3 நிமிடம் 20 விநாடி என்ற வேகத்தை எட்டினார். ஹவாயில் ஆறு முறை தோற்ற அவர், 1989இல் டேவ் ஸ்காட்டுடன் ஏறத்தாழ எட்டு மணி நேரம் தோளோடு தோள் சென்று, 8 மணி 9 நிமிடம் 15 விநாடியில், 58 விநாடி வேறுபாட்டில் வென்றார். மெதுவாகப் பயின்றால் வேகம் வரும் என்ற, கேட்பதற்கு முரணாகத் தோன்றும் கொள்கைக்கு அந்த நாள் பெரும் செல்வாக்கைத் தேடித் தந்தது.

உணவின் பக்கத்திலோ, வாழைப்பழமும் ஆரஞ்சுத் துண்டும் இருந்த இடத்தில், கனடா மாரத்தான் வீரர் பிரையன் மாக்ஸ்வெல் 1986இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பவர்பார் போன்ற ஆற்றல் கட்டிகளும், மெல்லத் தேவையின்றி உறிஞ்சி விழுங்கும் ஜெல் என்னும் சர்க்கரைக் கூழும் வந்துசேர்ந்தன. ஆனால் எல்லா வளர்ச்சியும் நேர்க்கோட்டில் செல்லவில்லை. தாகம் எடுக்குமுன்பே, இயன்ற அளவு குடிக்க வேண்டும் என்ற அறிவுரை 1980களிலும் 1990களிலும் ஓங்கியிருந்தது. 1996இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி வெளியிட்ட நெறிமுறை, மணிக்கு 600 முதல் 1,200 மில்லிலிட்டர் வரை பருகலாம் என்றது. அதற்கு முன்பே, 1985இல், தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ், மிகுதியாகத் தண்ணீர் குடித்ததால் இரத்தத்தில் சோடியம் உப்பின் செறிவு ஆபத்தான அளவுக்குக் குறைந்துபோன நெடுந்தூர வீரர்களைப் பற்றி எழுதி எச்சரித்திருந்தார். ஹைப்போநட்ரீமியா எனப்படும் இந்நிலை மூளையை வீங்கச்செய்து உயிரையும் பறிக்கக்கூடியது. 1997இல் நியூசிலாந்தின் நெடுந்தூர டிரையத்லானை முடித்த 330 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 18 விழுக்காட்டினரிடம் இக்குறைபாடு காணப்பட்டது. தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதே பாதுகாப்பானது என்ற கருத்து அதன்பின் மெல்ல வலுப்பெற்றது. பற்றாக்குறைக்குச் சொல்லப்பட்ட மருந்தே மிகுந்தபோது நோயாயிற்று என்பது இவ்வரலாற்றின் மிகக் கடுமையான பாடமாகும்.

மாவுச்சத்தின் அளவைப் பற்றிய அறிவும் இவ்வாறே திருத்தம் பெற்றது. மணிக்கு 60 கிராமுக்கு மேல் குடலால் உறிஞ்ச இயலாது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. குளுக்கோஸும் பழச்சர்க்கரையான பிரக்டோஸும் குடற்சுவரில் வெவ்வேறு வாயில்கள் வழியே நுழைவதால், இரண்டையும் கலந்து உண்டால் மணிக்கு 90 கிராம்வரை பயன்படுத்தலாம் என்பதற்கு அடித்தளமிட்ட ஆய்வுகளை, 2004ஐ ஒட்டி பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆஸ்கர் யூகென்ட்ரப்பின் குழுவினர் வெளியிட்டனர். அவ்வளவு சர்க்கரையை வயிறு ஏற்பதற்கும் பழக்கம் வேண்டும். ஆகவே நீண்ட பயிற்சி நாள்களில் போட்டியன்று உண்பதையே உண்டு, தசையைப் போலவே குடலையும் பழக்குவது இன்று பயிற்சியின் ஒரு கூறாகிவிட்டது. ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிச் ஷோபெரர் 1986இல் உருவாக்கிய, மிதிக்கும் திறனை வாட் அலகில் காட்டும் திறன்மானி, ஆற்றல் செலவையும் எண்ணால் அறிய வழிசெய்தது. நார்வே வீரர் கிறிஸ்டியன் புளூமென்ஃபெல்ட்டின் குழுவினர் ஒரு படி மேலே சென்று, பயிற்சியின் நடுவே ஒரு துளி இரத்தமெடுத்து, தசை கடினமாக உழைக்கையில் பெருகும் லாக்டேட்டின் அளவைப் பார்த்து, வேகத்தைக் கூட்டுவதைவிடக் கட்டுப்படுத்துவதில் கருத்தாயிருந்தனர். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அவர், அதே ஆண்டு நவம்பரில் மெக்சிகோவின் கொசுமெல் தீவில், கடல் நீரோட்டமும் துணைசெய்ய, நெடுந்தூரத்தை 7 மணி 21 நிமிடம் 12 விநாடியில் முடித்தார்.

இத்தனை கருவிகளும் சேர்ந்தும் மாறாத அடிப்படை விதியை, வீராங்கனை பாலா நியூபி-ஃபிரேசரின் அனுபவம் முன்பே உணர்த்தியிருந்தது. ஹவாயில் ஏழு முறை வென்றிருந்த அவர், 1995இல் பின்தொடர்ந்து வந்த காரென் ஸ்மையர்ஸுக்கு இடம் கொடாதிருக்கும் அவசரத்தில், ஓட்டத்தின்போது உணவு நிலையங்களைத் தவிர்த்துச் சென்றார். இறுதிக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கையில் நிலைகுலைந்து தரையில் சரிந்தார். ஏறத்தாழ இருபது நிமிடம் அங்கேயே கிடந்து, நீர் பருகித் தேறி, காலணி இல்லாமல் நடந்து நான்காவதாக முடித்தார். மூன்று விளையாட்டுகளிலும் அவருக்கு நிகரானவர் அன்று மிகச் சிலரே. அவர் அன்று கைவிட்டது நான்காவது ஒன்றை. அடுத்த ஆண்டு திரும்பி வந்து எட்டாவது முறையாக வென்றார். ஓட்டக்காரரா, நீச்சல்காரரா என்று 1977இல் எழுந்த வழக்கில் எவரும் கணக்கில் கொள்ளாத திறமை அது: ஓடும் அவசரத்திலும் ஒரு வாய் உணவுக்காக வேகத்தைக் குறைக்கத் தெரிந்திருப்பது.