கோதுமையை ஏற்காத குடல்: சீலியாக் நோயின் இந்திய வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

இரண்டு கூற்றுகளிலிருந்து தொடங்குகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், தீராத இரத்தசோகைக்காகத் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவரிடம் சென்றிருந்தேன். சீலியாக் நோயாக இருக்குமோ என்று கேட்டபோது, "அது வெள்ளைக்காரர்களுக்கு வருவது" என்று சிரித்துவிட்டு, இரும்புச்சத்து மாத்திரையை மேலும் மூன்று மாதங்களுக்கு எழுதித் தந்தார். பின்னர் ஆய்வுக்காகத் தில்லி வந்தபின், குருதிப் பரிசோதனையிலும் சிறுகுடல் திசுச் சோதனையிலும் அதே நோய் உறுதியாயிற்று. விடுதி உணவகத்தில் உடன் பயிலும் பஞ்சாபி நண்பர் வியந்து கேட்டார்: "இது எங்கள் பக்கத்து நோயாயிற்றே! சோறு உண்பவருக்கு எப்படி வந்தது?"

இவ்விரு கூற்றுகளும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. இரண்டும் நோய்க்கு ஓர் இனத்தையோ நிலத்தையோ உரிமையாக்கி, எதிரே இருப்பவரை அதற்கு வெளியே நிறுத்துகின்றன. நான் மருத்துவம் பயின்றவள் அல்லள், மொழியியல் மாணவி. ஆனால் ஒரு கூற்று எங்கே பிறந்தது, எப்படிப் பரவியது, எதை மறைத்தது என்று கேட்பது எங்கள் துறைக்குப் பழகிய வேலை. அந்தப் பழக்கத்தில் எழுதியதே இக்குறிப்பு.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். கிரேக்க மொழியில் 'கொய்லியா' என்றால் வயிறு. கி.பி. 2ஆம் நூற்றாண்டினராகப் பொதுவாகக் கருதப்படும் கப்படோசியாவின் அரிட்டேயஸ் என்னும் மருத்துவர், உண்டது செரியாமல் கழிந்து உடல் மெலியும் நோயாளிகளை 'கொய்லியாக்கோஸ்' என்ற சொல்லால் குறித்தார். அவருடைய நூல் 1856இல் பிரான்சிஸ் ஆடம்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. 'குளூட்டன்' என்பதோ இலத்தீனில் பசையைக் குறிக்கும் சொல். கோதுமை மாவைப் பிசைந்து நீரில் அலசினால் மாச்சத்து கரைந்து போய், இழுபடும் பசை ஒன்று எஞ்சும். பொலோனியா நகரத்து பெக்காரி 18ஆம் நூற்றாண்டில் இதைப் பிரித்தெடுத்து விவரித்தார். தமிழில் 'பசையம்' என்ற கலைச்சொல் மிகப் பொருத்தமானது. இடர் ஒன்றுதான்: எனக்குப் 'பசையம்' ஆகாது என்று தொலைபேசியில் கேட்ட என் அத்தை, அதைப் 'பச்சையம்' என்று புரிந்துகொண்டு, நான் ஊர் சென்றபோது கீரையை ஒளித்துவைத்துச் சப்பாத்தி பரிமாறினார்.

நவீன மருத்துவத்தில் இந்நோயின் முதல் தெளிவான சித்திரம் இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீயினுடையது. 1887இல் உரையாக நிகழ்த்தி 1888இல் அச்சிட்ட கட்டுரையில், இதற்குத் தீர்வு ஒன்று உண்டென்றால் அது உணவின் வழியாகவே அமையும் என்று அவர் கண்டார். திசை சரி; ஆனால் விவரம் முழுதும் தலைகீழ். அரிசி, சவ்வரிசி போன்ற மாச்சத்து மிக்க உணவுகள் தகாதவை என்றார். மெல்லியதாக நறுக்கி இருபுறமும் வாட்டிய ரொட்டியையும் மால்ட் சேர்ந்த உணவையும் அனுமதித்தார். அதாவது, காக்கக்கூடிய தானியத்தை விலக்கிக் கெடுக்கும் தானியங்களை ஊட்டினார். நம் ஊரில் நோயாளியைப் பார்க்கச் செல்வோர் கையில் ரொட்டிப் பொட்டலமும் மால்ட் பானப் புட்டியும் இருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு ஜீயின் நினைவு வரும்.

1924இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவுமுறையை முன்வைத்தார். ரொட்டியும் பிற தானியங்களும் நீங்கியதால் குழந்தைகள் தேறினர். புகழ் வாழைப்பழத்துக்குப் போயிற்று. பயன் தந்த சிகிச்சைக்குப் பிழையான விளக்கம் அமைந்தால் நேரும் தீங்குக்கு இது நல்ல சான்று. குணமாகிவிட்டது என நம்பிய குழந்தைகள் மீண்டும் கோதுமைக்குத் திரும்பினர்.

உண்மைக் காரணத்தைக் கண்டவர் ஹேக் நகரத்துக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் நிலவியது. மக்கள் துலிப் கிழங்கையும் உண்டனர். ரொட்டி கிடைக்காத அக்காலத்தில் சீலியாக் குழந்தைகள் தேறினர். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. பஞ்சமே அவருக்கு உண்மையைக் காட்டியது என்று இக்கதை பலமுறை சொல்லப்படுகிறது. ஆனால் டிக்கே 1930களிலேயே கோதுமையை ஐயுற்றார். ரொட்டி நீக்கிய உணவுமுறை பற்றி 1941இலேயே எழுதியிருக்கிறார். பஞ்சம் அவருடைய ஐயத்தை உறுதிப்படுத்தியது. 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு இதை முறையாக நிறுவியது. 1952இல் பர்மிங்ஹாமில் சார்லட் ஆண்டர்சன் உள்ளிட்டோர், தீங்கு கோதுமையின் மாச்சத்தில் இல்லை, பசையத்தில் உள்ளது என்று காட்டினர். அதே பத்தாண்டில் அறுவையின்றி வாய்வழிக் குழாயால் சிறுகுடல் திசுவை எடுக்கும் முறை வந்தது. நோயுற்ற குடலில், உணவை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகி இருப்பதைக் கண்ணால் காண முடிந்தது.

இந்தக் கட்டத்தில்தான் இந்தியா இவ்வரலாற்றுக்குள் வருகிறது. ஆனால் வேறொரு நோயின் பெயரோடு. நெடுநாள் வயிற்றுப்போக்கும் மெலிவும் கொண்ட இந்திய நோயாளிக்கு அன்று ஆயத்தமாக இருந்த பெயர் 'வெப்பமண்டல ஸ்ப்ரூ'. 'ஸ்ப்ரூ' என்பது டச்சுச் சொல்; ஜாவாவின் காலனிய மருத்துவம் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஐரோப்பியரின் சீலியாக் நோய்க்கு 'வெப்பமண்டலம் சாராத ஸ்ப்ரூ' என்றும் ஒரு பெயர் இருந்தது. பெயரிடலே நில எல்லையை வகுத்துவிட்டதைக் கவனியுங்கள். வெப்பமண்டல ஸ்ப்ரூ கற்பனை நோயன்று; 1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் அது கொள்ளைநோயாகவே பரவியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் மாத்தனும் அதுபற்றிச் செய்த ஆய்வுகள் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் இரு நோய்களிலும் குடலுறிஞ்சிகள் சிதைகின்றன. ஆகவே இந்தியக் குடலில் சிதைவைக் கண்டால் முதலில் ஸ்ப்ரூ என்று எண்ணுவது இயல்பாயிற்று.

1966இல் வாலியா, காய், டண்டன் உள்ளிட்ட மருத்துவர்கள், வட இந்தியக் குழந்தைகளிடம் சீலியாக் நோய் இருப்பதை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பதிவு செய்தனர். அந்த ஆண்டின் பொருள் வரலாற்று மாணவர்களுக்குத் தெரியும். வறட்சியால் நாடு கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்திருந்த காலம் அது. அவ்வாண்டு ஒரு கோடி டன்னுக்கும் மேலான தானியம் இறக்குமதியாயிற்று. உயிர்காக்கும் தானியமாகக் கோதுமை துறைமுகங்களில் இறங்கிக்கொண்டிருந்தபோது, சில குழந்தைகளை அதே தானியம் உருக்குகிறது என்ற சிறு கட்டுரை வெளிவந்தது. அதன் குரல் பரவலாகக் கேட்காமல் போனதில் வியப்பில்லை.

அந்த ஆண்டு இன்னொரு வகையிலும் முக்கியமானது. "பசுமைப் புரட்சிக் கோதுமைதான் இந்நோயைக் கொண்டுவந்தது" என்று இன்று பலர் எழுதுகின்றனர். மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரக விதைக் கோதுமை வந்ததும் 1966இல்தான். அவ்விதை பெருமளவில் விளைந்து தட்டுக்கு வரும் முன்பே நோயுற்றிருந்த குழந்தைகளைப் பற்றியது அக்கட்டுரை. டிக்கேயின் நோயாளிகளும் குட்டைரகக் கோதுமையை அறியாதவர்கள். புதிய விதை நோயைப் படைத்தது என்று சொல்வதற்கு இந்தக் காலவரிசை இடம் தரவில்லை. பசுமைப் புரட்சி செய்தது வேறொன்று: கோதுமையை மிகுவித்தது, ஆண்டு முழுதும், நாடு முழுதும் கிடைக்கச் செய்தது.

'ஆண்டு முழுதும்' என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பஞ்சாபில் இந்நோய்க்குக் 'கோடை வயிற்றுப்போக்கு' என்றொரு பெயர் வழங்கியதை மருத்துவ இலக்கியம் குறிப்பிடுகிறது. குளிர்காலத்தில் மக்காச்சோள ரொட்டியும் கடுகுக்கீரையும், கோடையில் கோதுமை. உணவின் பருவமே நோயின் பருவமாக இருந்தது. பெயரிட்டவர்கள் பருவத்தைக் கண்டனர், தானியத்தைக் காணவில்லை.

குருதிப் பரிசோதனைகள் வந்தபின், குறிப்பாக 1997இல் இந்நோயில் உடல் தாக்கும் புரதம் இன்னதென்று கண்டறியப்பட்டபின், மருத்துவமனை வாசலுக்கு வராதவர்களையும் எண்ண முடிந்தது. தில்லி வட்டாரத்தில் மகாரியாவும் குழுவினரும் மக்களிடையே சென்று செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது: ஏறத்தாழ 96 பேருக்கு ஒருவர். 'வெள்ளைக்காரர் நோய்' என்ற கூற்று அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

2016இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இரண்டாம் கூற்றைச் சோதித்தது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்கள் ஆராயப்பட்டனர். ஆயிரம் பேருக்கு வடக்கில் 8.53, வடகிழக்கில் 4.66, தெற்கில் 0.11 என்ற அளவில் நோய் இருந்தது. "பார்த்தீர்களா, தெற்கில் இல்லை" என்று இத்துடன் நிறுத்துவோர் உண்டு. அடுத்த வரியையும் படிக்க வேண்டும். இந்நோய்க்கு இன்றியமையாத மரபணு வகைகள் வடக்கில் 38.1, வடகிழக்கில் 31.4, தெற்கில் 36.4 விழுக்காட்டினரிடம் காணப்பட்டன. நாளொன்றுக்கு உண்ணும் கோதுமையோ வடக்கில் 455 கிராம், வடகிழக்கில் 37, தெற்கில் 25. வடகிழக்கின் நோயளவைக் கோதுமையின் அளவு மட்டும் விளக்கிவிடாது என்பது மெய்யே. ஆயினும் தென்னிந்தியரின் பிறப்பிலேயே ஏதோ ஒரு காப்பு இருக்கிறது என்ற நம்பிக்கைக்கு இங்கே ஆதாரம் இல்லை. நம்மைக் காத்துவந்ததில் பெரும்பங்கு சோற்றுக்கு உரியது.

அந்தச் சோறு இப்போது தட்டில் குறைந்து வருகிறது. நீரிழிவு என்றதும் இரவில் சப்பாத்தி என்பது தமிழ்க் குடும்பங்களில் எழுதாச் சட்டம். என் தந்தையின் இரவுணவும் அதுவே. பரோட்டா, கோதுமை ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாம் அன்றாடமாகிவிட்டன. படிப்புக்கும் வேலைக்கும் வடக்கே வருவோர் விடுதியில் இருவேளையும் ரொட்டி உண்கின்றனர். மரபணு இருந்தும் இதுவரை சோதிக்கப்படாத உடல்கள் இப்போது சோதனைக்கு உள்ளாகின்றன.

அன்றாட வாழ்வு பற்றியும் சில சொற்கள். மருந்து இல்லை, வாழ்நாள் முழுதும் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றை விலக்குவதே சிகிச்சை. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் பசையம் இருந்தால் 'குளூட்டன் அற்றது' என்று உணவுப் பொட்டலத்தில் குறிக்கக் கூடாது. விலக்க வேண்டிய அளவு எவ்வளவு சிறியது என்பதற்கு இதுவே அளவுகோல். சாம்பார் அரிசி உணவோடு சேர்ந்ததுதான். ஆனால் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். கடலைமாவு தூயதுதான், ஆனால் அதே மாவரைவை நிலையத்தில் சற்று முன் கோதுமை அரைபட்டிருக்கும். நவராத்திரி நாள்களில் தில்லிக் கடைகளில் குட்டு மாவும் சிங்காடா மாவும் குவியும். பிறருக்கு விரதக் காலம், எனக்கு விருந்துக் காலம். ஒரு முறை அந்தப் பஞ்சாபி நண்பருடன் குருத்துவாரா சென்றேன். கோதுமை மாவில் செய்த பிரசாதத்தை மறுக்கவும் முடியாமல், ஏற்கவும் முடியாமல் நான் தயங்கி நின்றபோது, அவர் ஒன்றும் பேசாமல் தம் கையை என் கைக்குக் கீழே நீட்டி என் பங்கையும் ஏந்திக்கொண்டார். அதற்குப் பிறகு 'எங்கள் பக்கத்து நோய்' என்று அவர் சொன்னதில்லை.

இதைப் படிக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரும்புச்சத்து மாத்திரைக்குக் கட்டுப்படாத இரத்தசோகை, காரணம் தெரியாத எடைக்குறைவு, வளர்ச்சி குன்றிய குழந்தை, ஓயாத வயிற்றுக் கோளாறு ஆகியவை உங்களிடமோ வீட்டிலோ இருந்தால், சீலியாக் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் குருதியிலும் குடலிலும் சான்றுகள் மங்கி, முடிவு பிழையாகக்கூடும். "நமக்கு அது வராது" என்ற பதில் கிடைத்தால், மீண்டும் ஒருமுறை கேளுங்கள். அந்தப் பதிலை முதல் முறையே நம்பியதால் நான் இழந்தது ஓர் ஆண்டுக்கும் மேல்.