சீயமங்கலத்துத் திண்ணையும் வேளச்சேரி பால்கனியும்

ஏரிக்கரையில் சாக்கோடு விட்டுப்போன நாய்க்குட்டிகளைத் தூக்கி வந்து, நல்ல கை கிடைக்கும்வரை வளர்க்க எது தோதான இடம்? கிராமத்து வீடுதான் என்று பலரும் யோசிக்காமல் சொல்வார்கள். காற்று, இடம், மீந்த சோறு எல்லாம் உண்டே! பாதிதான் சரி.

தேசூரை அடுத்த சீயமங்கலத்தை எடுத்துக்கொள்வோம். மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குடைவரைக் கோயிலால் பேர் பெற்ற ஊர். மற்றபடி கழனி, பாறை, ஆடு மாடு என்று செஞ்சிப் பக்கத்து ஊர்களைப் போலத்தான். எதிரே, சென்னை வேளச்சேரியில் மூன்றாம் மாடி வீடு ஒன்றை வைப்போம்.

கண் திறக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை குட்டிக்கு எமன் இரண்டு: குளிரும் பசும்பாலும். குளிருக்குச் சீயமங்கலத்தில் வழி உண்டு. பஞ்சாரத்துக்குள் கோணி விரித்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தால் போதும். பால்தான் சிக்கல். தொழுவத்திலேயே கறக்கிறதே என்று ஊற்றிவிடுவார்கள். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு, லாக்டோஸோ குறைவு. அதனால் பசும்பால் குட்டியின் வயிற்றைக் கெடுத்துக் கழிச்சலில் விடும். குட்டிகளுக்கான பால் பவுடர் வேளச்சேரியில் பக்கத்துக் கடையில் கிடைக்கும். கிராமத்தில் அதற்காக டவுனுக்குப் போக வேண்டும்.

புகட்டும் விதம் இரு இடத்திலும் ஒன்றே. குழந்தையைப்போல் மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற வைத்துத் தலையை லேசாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்துவிட்டால்தான் மூத்திரம், மலம் இறங்கும். தாய் நக்கிச் செய்யும் வேலை அது.

பலர் கணக்கில் விடுவது மண்ணை. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். போன வருஷம் கழிந்து செத்த நாய் நடமாடிய வாசலில், இந்த வருஷக் குட்டி விளையாடும். டைல்ஸ் தரையைப் பிளீச்சிங் போட்டுக் கழுவலாம், தெருப் புழுதியை என்ன செய்ய? அதற்குக் காப்பு தடுப்பூசிதான்: 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 16 வாரம் ஆகும்வரை 3-4 வாரத்துக்கு ஒன்று. கிராமத்தில் மருந்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டியிருக்கும். அரசு கால்நடை மருந்தகத்தில் கூட்டமெல்லாம் மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான். ரத்தக் கழிச்சல் கண்டால் வேளச்சேரிக்காரர் ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஓடலாம்.

ஆனால் குணம் படிவதில் கிராமத்துக்கு ஈடு இல்லை. மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை பார்ப்பது, கேட்பது, முகர்வது எல்லாம் குட்டிக்குப் பழகிவிடும். சேவல், டிராக்டர், பள்ளிப் பிள்ளைகள், பொங்கல் மேளம் என எதற்கும் அது மிரளாது. பால்கனிக் குட்டி குக்கர் விசிலுக்கே கட்டிலடியில் பதுங்கும்.

எனக்கு முக்கியமாகப் படும் வேறுபாடு, குட்டி வீட்டைவிட்டுப் போகும் விதம். வேளச்சேரியில் வீட்டுக்காரரும் அடுக்ககச் சங்கமும் நெருக்குவார்கள். எரிச்சல்தான், ஆனாலும் அந்த நெருக்கடிதான் தத்தெடுப்போரைத் தேட வைக்கிறது. சீயமங்கலத்தில் யாரும் கேட்பதில்லை. 'இருக்கட்டுமே' என்ற சொல்லிலேயே குட்டி வாசல் நாயாகி, பிறகு தெரு நாயாகிறது. தெருவில் அதன் கதி? மேற்கு வங்கத்தில் கொல்கத்தா ஐசர் (IISER) நிறுவன ஆய்வாளர்கள் 364 தெருக்குட்டிகளைத் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், இனப்பெருக்க வயதை எட்டியவை சுமார் 19 விழுக்காடுதான்.

கழனிக் காவலுக்குக் கடுவன் குட்டியை ஊரே கேட்கும், பொட்டைக் குட்டியை யாரும் கேட்பதில்லை. குட்டி போட்டுத் தள்ளும் என்ற பயம். நகரத்திலும் இதே பயம் உண்டு, ஆனால் கருத்தடைக்கு மருத்துவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். 1959இல் தொடங்கிய விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 60களிலேயே சென்னையில் அந்த வேலையில் இறங்கியது. கிராமத்தில் பொட்டைக் குட்டியைக் கொடுக்கிறவர், 'ஆறு மாசம் ஆனதும் ஆபரேஷனுக்கு நானே வந்து கூட்டிப் போறேன், வண்டிச் செலவும் என்னுது' என்று சொல்லிக் கொடுத்தால், வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்கும்.