பயிற்சிக்குப் போகிறவர் குடும்பத்தையும் ஏன் கூட்டிப் போகிறார்?



நம் பள்ளி ஸ்கவுட் குழுவில் அணித் தலைவனாக இருந்த ஒருவர் இப்போது அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறார். அங்கே தன் மகன் சேர்ந்திருக்கும் சாரணர் குழுவுக்குத் தன்னார்வலராக உதவி செய்கிறார். இந்தக் கோடையில் ஒரு வாரம் விடுப்பு போட்டு, நியூ மெக்சிகோவில் ஃபில்மான்ட் என்ற இடத்துக்குப் பயிற்சிக்குப் போவதாகவும், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூடவே வருவதாகவும் செய்தி அனுப்பியிருந்தார். அதைப் படித்துவிட்டு அவருடைய அம்மா எனக்குப் போன் செய்தார். "ஏன் சார், ட்ரெயினிங்னு போறவன் பொண்டாட்டி புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டா போவான்? இது ட்ரெயினிங்கா, டூரா?"

நியாயமான கேள்விதான். போனில் சொல்லி முடிக்க முடியாத அளவுக்கு இதில் வரலாறு இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

சாரணியம் சிறுவர்களுக்காகத் தொடங்கியது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களை வைத்து பேடன் பவல் முகாம் நடத்தினார். அடுத்த ஆண்டு புத்தகம் வந்தது. அதன் பிறகு நடந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை. பையன்கள் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு, தாங்களாகவே அணி சேர்த்துக்கொண்டு, "எங்களுக்கு ஒரு மாஸ்டர் வேண்டும்" என்று பெரியவர்களைத் தேடிப் போனார்கள். மாணவர்கள் ஆசிரியரைத் தேர்ந்தெடுத்த அபூர்வமான காலம் அது! பையன்களுக்குப் பஞ்சமே இல்லை, பெரியவர்களுக்குத்தான் பஞ்சம். வந்த பெரியவர்களுக்கும் டிரில் வாங்கத் தெரிந்ததே தவிர, பையன்களைத் தாங்களாகச் செய்யவிட்டு ஒதுங்கி நிற்கத் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று வகுப்பெடுத்தவர்களுக்குத் தெரியும்.

அதற்கு வந்த விடைதான் லண்டனை ஒட்டி எப்பிங் காட்டுப் பக்கம் உள்ள கில்வெல் பார்க். மெக்லாரன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வாங்கிக் கொடுத்த இடம் அது. லண்டன் கிழக்குப் பகுதியின் ஏழைப் பிள்ளைகள் முகாமிட ஓர் இடம் வேண்டும் என்பது அவர் ஆசை. பேடன் பவல் அதோடு தலைவர்களுக்கான பயிற்சியையும் சேர்த்துக்கொண்டார். 1919 செப்டம்பர் 8-ல் முதல் பயிற்சி முகாம் தொடங்கியது. ஃபிரான்சிஸ் கிட்னி என்பவர் நடத்தினார். வந்த பெரியவர்களை அணிகளாகப் பிரித்து, அரைக்கால் சட்டை போட வைத்து, அவர்களையே கூடாரம் கட்டவும் அடுப்பு மூட்டிச் சமைக்கவும் வைத்தார்கள். பையன் எப்படிக் கற்றுக்கொள்வானோ அப்படியே மாஸ்டரும் கற்க வேண்டும் என்பதுதான் பாடத்திட்டம். இன்றும் உலகம் முழுக்க ஸ்கவுட் மாஸ்டர் பயிற்சிக்கு அடிப்படை இதுதான்.

அந்தப் பயிற்சியை முடித்தவர்களுக்குக் கழுத்தில் போட்டுக்கொள்ள இரண்டு மர மணிகள் கொடுத்தார்கள். உட் பேட்ஜ் என்ற பெயர் அதனால் வந்தது. மணிகளின் மூலம் ஒரு ஜூலு மாலை. 1888-ல் பேடன் பவல் ஆங்கிலப் படையோடு ஜூலு நாட்டில் இருந்தபோது அவர் கைக்கு வந்தது. அரசர் டினிசூலுவுடையது என்று சொல்வார்கள். எப்படிக் கைக்கு வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. எந்தக் கதையை எடுத்துக்கொண்டாலும், தோற்றவர்களின் பொருள் வென்றவர் கைக்குப் போனது என்பது மாறாது. சாரணர் மேடைகளில் இதைப் பெருமையாகச் சொல்லும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் நெருடும்.

கில்வெல்லுக்கு வந்த அந்த ஆண்கள் செப்டம்பர் 19 வரை, ஏறக்குறைய 12 நாள், வீட்டில் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எந்தச் சாரணர் வரலாற்றுப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

நம் நாட்டிலும் அதே வழிதான். 1910-களில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றிருந்த சாரணியத்தை இந்தியப் பிள்ளைகளுக்கும் கொண்டுவர அன்னி பெசன்ட் சென்னையில் முயன்றார். 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு, தனித்தனியாக இருந்த அமைப்புகள் சேர்ந்து 1950 நவம்பர் 7-ல் பாரத சாரண இயக்கம் உருவானது. அடிப்படைப் பயிற்சி, உயர்நிலைப் பயிற்சி, பிறகு ஹிமாலய உட் பேட்ஜ் என்று படிப்படியாக வைத்தார்கள். ஒவ்வொன்றும் ஏழு நாள். மத்தியப் பிரதேசத்து மலைக்காட்டில் உள்ள பச்மரிதான் தேசியப் பயிற்சி மையம். நம் ஊர்ப் பள்ளிகளில் ஸ்கவுட் மாஸ்டர் என்றால் பெரும்பாலும் ஆசிரியர்தான். ஆனால் விருப்பப்பட்டுச் செய்கிற வேலை, அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. நான் ஏழு நாள் பயிற்சிக்குப் போய் மரத்தடியில் கட்டுமுடிச்சு போட்டுக்கொண்டிருந்த வாரத்தில் என் சின்ன மகளுக்குக் கடுமையான காய்ச்சல். செல்போன் இல்லாத காலம். என் மனைவி ஒண்டியாக, இரவில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நடந்திருக்கிறார். சான்றிதழோடு வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். "சான்றிதழில் பாதி என் பேர் போட்டிருக்கணும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இனி அமெரிக்காவுக்கு வருகிறேன். அங்கே சாரணர் அமைப்பு 1910-ல் தொடங்கியது. கில்வெல் முறையை அவர்கள் உடனே எடுத்துக்கொள்ளவில்லை. 1936-ல் கில்வெல்லின் தலைவர் வில்சன் நேரில் போய் நியூ ஜெர்சியில் சோதனையாக ஒரு பயிற்சி நடத்திக் காட்டினார். முறையான உட் பேட்ஜ் பயிற்சி தொடங்க 1948 ஆகிவிட்டது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வில்லியம் ஹில்கோர்ட் அதை நடத்தினார். அதுவும் தந்தை மட்டும் போய்வருகிற பயிற்சிதான்.

வழி மாறியது ஃபில்மான்ட்டில். அதற்குக் காரணமானவர் ஓர் எண்ணெய் வியாபாரி.

வெய்ட் ஃபிலிப்ஸ் 1883-ல் அயோவா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். பதினாறு வயதில் அண்ணனும் தம்பியுமாக வீட்டை விட்டுக் கிளம்பி, மேற்கே மலைப் பிரதேசங்களில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு சுற்றினார்கள். 1902-ல், பத்தொன்பது வயதில், கூடப் பிறந்தவர் நோய் கண்டு இறந்துபோனார். இவர் ஊர் திரும்பி, பிறகு மூத்த அண்ணன்களோடு எண்ணெய்த் தொழிலில் இறங்கி, தனியாகவும் நடத்தி, 1925-ல் தன் கம்பெனியை இரண்டரைக் கோடி டாலருக்கு விற்றார். அதற்கு முன்பே 1922 முதல் நியூ மெக்சிகோவில் சிமரோன் என்ற சிற்றூரை ஒட்டி மலையும் மேய்ச்சல் நிலமுமாக வாங்கத் தொடங்கியிருந்தார். இளவயதில் சகோதரனோடு சுற்றிய மலைகளின் நினைவாகத்தான் வாங்கினாரோ என்று நான் நினைத்துக்கொள்வேன். அது என் ஊகம்தான்.

அந்த நிலத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. ஹிக்கரியா அப்பாச்சி, யூட் பழங்குடிகள் வேட்டையாடிய பூமி அது. 1841-ல் மெக்சிகோ ஆளுநர் அதை இரண்டு பேருக்கு மானியமாக எழுதிக் கொடுத்தார். பிறகு அது ஒருவருடைய மருமகன் மேக்ஸ்வெல் கைக்கு வந்து, 1870-ல் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குப் போனது. மொத்தம் 17 லட்சம் ஏக்கர். நிலத்தில் குடியிருந்தவர்களை வெளியேற்றப் போய்ப் பெரிய கலவரமே நடந்தது. பழங்குடிகள் ஒதுக்கீட்டுப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். நம் ஊர் ஜமீன், இனாம் நில வழக்குகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதுக்கதை இல்லை.

ஃபிலிப்ஸ் அங்கே 1920-களில் மத்தியதரைக் கடல் பாணியில் ஒரு மாளிகை கட்டினார். பெயர் வில்லா ஃபில்மான்ட்டே. 1938-ல் சாரணர் அமைப்புக்கு 35,857 ஏக்கர் கொடுத்தார். பையன்கள் வந்து மலை ஏறுவதைப் பார்த்து மனம் நிறைந்து, 1941-ல் மேலும் 91,538 ஏக்கரை, மாளிகையையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். மொத்தம் 515 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என்னை அதிகம் கவர்ந்தது அவர் அதோடு கொடுத்த இன்னொன்று. டல்சா நகரில் அவருக்குச் சொந்தமான ஃபில்டவர் என்ற இருபது மாடிக்கு மேற்பட்ட கட்டடத்தையும் சேர்த்துக் கொடுத்தார். அதில் வரும் வாடகையில் மலையைப் பராமரியுங்கள் என்றார். நன்கொடையாளர்கள் பலரை நாம் பார்த்திருக்கிறோம். ட்யூப் லைட்டில் வெளிச்சம் வெளியே வராத அளவுக்குப் பெயர் எழுதி மாட்டுவார்கள், கரண்ட் பில் யார் கட்டுவது என்று யோசிக்க மாட்டார்கள். இவர் கரண்ட் பில்லை யோசித்தவர்.

1950-ல் அந்த மாளிகையை மையமாக வைத்துத் தன்னார்வலர்களுக்கான பயிற்சி நிலையம் தொடங்கினார்கள். நம் பாரத சாரணர் அமைப்பு பிறந்த அதே ஆண்டு. குடும்பத்தோடு வாருங்கள் என்று அழைத்தார்கள். வேறு வழியும் இல்லை என்பது என் கருத்து. அமெரிக்காவின் எந்த மூலையிலிருந்தும் சிமரோனுக்கு வர நாள்கணக்கில் கார் ஓட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு வாரமே விடுப்புள்ள ஒரு தந்தை அதைத் தனியாகப் போய்ச் செலவழித்தால் வீட்டில் என்ன நடக்கும்? அந்த ஆண்டுக் கோடை விடுமுறை அந்தக் குடும்பத்துக்குக் கிடையாது. அடுத்த ஆண்டு அவரும் தன்னார்வலராக இருக்க மாட்டார்.

ஏற்பாடு இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்வார்கள். தங்குவதற்கு மரத்தளத்தின் மேல் நிற்கும் கூடாரங்கள், உள்ளே கட்டில். உயரம் சுமார் 6,700 அடி, கொடைக்கானலைவிடச் சற்றே குறைவு. பகலில் வெயில், இரவில் போர்வை வேண்டும். எல்லோருக்கும் பொதுச் சாப்பாட்டுக் கூடம். காலையில் பெரியவர்கள் வகுப்புக்குப் போனதும் பிள்ளைகள் வயதுவாரியாகப் பிரிந்து போய்விடுவார்கள். சின்னஞ்சிறுசுகளுக்குப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. நடுவயதுப் பிள்ளைகளுக்குக் கைவேலை, சிறு நடை. பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்கள் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு அந்த வாரத்தில் பெரும்பகுதி மலைக்குள்ளேயே இருப்பார்கள். பயிற்சிக்கு வராத கணவனுக்கோ மனைவிக்கோ தனி நிகழ்ச்சிகள் உண்டு. இரவில் எல்லோரும் சேர்ந்து தீ மூட்டிப் பாட்டு. எதிரே தெரியும் பாறைச் சிகரத்துக்குக் 'காலத்தின் பல்' என்று பொருள்படும் பெயர். மாட்டு வண்டிகளில் வந்த பழைய வியாபாரிகள் அதைக் கண்டதும் சாந்தா ஃபே நகரம் இன்னும் ஒரு வாரப் பயணம் என்று கணக்கிட்டார்கள் என்பார்கள்.

டூரா என்று கேட்ட அம்மாவுக்கு என் பதில், பாதி டூர்தான். அந்தப் பாதி இருப்பதால்தான் மீதிப் பாதி நடக்கிறது.

ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் குடும்பம் என்றால், கணவர் வகுப்பில் உட்கார, மனைவி துணைக்கு வந்தவர் என்றுதான் பொருள். குருளையர் குழுக்களைத் தாய்மார்கள் தங்கள் வீட்டிலேயே வைத்து நடத்தினார்கள். ஆனாலும் பெண்கள் ஸ்கவுட் மாஸ்டர் ஆக அமெரிக்காவில் 1988 வரை அனுமதி இல்லை. கனெக்டிகட் மாநிலத்தில் கேத்தரின் பொலார்ட் என்ற பெண்மணி, ஆண் யாரும் முன்வராததால் 1970-களிலேயே ஒரு குழுவை நடத்தியவர். பதவி கேட்டபோது மறுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் வழக்காடினார். விதி மாறியபோது முதல் பெண் ஸ்கவுட் மாஸ்டர் அவர்தான், வயது அறுபதைத் தாண்டியிருந்தது. இன்று ஃபில்மான்ட்டில் அம்மா வகுப்பில் இருக்க, அப்பா பிள்ளைகளோடு மாளிகையைச் சுற்றிப் பார்ப்பது சாதாரணம்.

இன்னொன்று இதைவிடக் கசப்பானது. பெரியவர்களை நம்பிப் பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பியதில், பல பத்தாண்டுகளாக ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருக்கிறார்கள். வழக்குகள் பெருகி 2020 பிப்ரவரியில் அமெரிக்கச் சாரணர் அமைப்பு திவால் மனு போட்டது. சுமார் 82,000 பேர் பாதிக்கப்பட்டதாக முறையிட்டார்கள். இழப்பீட்டு நிதி சுமார் 246 கோடி டாலர் என்று முடிவானது. அதற்கு முந்திய ஆண்டே ஃபிலிப்ஸ் கொடுத்த நிலத்தைக் கடனுக்கு அடமானம் வைத்திருந்தார்கள். ஃபில்மான்ட் விற்பனைக்கு வந்துவிடும் என்று பலர் பயந்தார்கள், வரவில்லை. 2023-ல் அமைப்பு திவாலிலிருந்து வெளியே வந்தது. 2025-ல் பெயரையும் ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்று மாற்றிக்கொண்டது.

இப்போது அங்கே எந்தத் தன்னார்வலரும் பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சி பெறாமல் பதிவுசெய்ய முடியாது. ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது, எந்த முகாமிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும் என்பது விதி. கட்டுமுடிச்சும் திசைகாட்டியும் பிறகு கற்றுக்கொள்ளலாம், முதல் பாடமாக இதைத்தான் வைக்க வேண்டும் என்பேன். நம் பள்ளி முகாம்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்களில் ஏழெட்டுப் பேர் இன்று ஆசிரியர்களாகவும் ஸ்கவுட் மாஸ்டராகவும் கைடு கேப்டனாகவும் இருக்கிறீர்கள். நீங்கள் ஏழு நாள் பயிற்சிக்கு எந்த ஆண்டு, எங்கே போனீர்கள், அந்த ஏழு நாளும் வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கீழே எழுதுங்கள். முடிந்தால் பார்த்துக்கொண்டவரையே எழுதச் சொல்லுங்கள்.