வியாழனில் ஒரு கறுப்புப் புள்ளி: அன்ரனி வெஸ்லியின் கதை

வானியல் என்றவுடன் எங்களுக்கு ஞாபகம் வாறது நாசா, ரொக்கெட், மலை உச்சியில் நிற்கிற இராட்சதத் தொலைநோக்கிகள். அதெல்லாம் பெரிய படிப்புப் படித்த ஆக்களின்ர வேலை, எங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிடுவோம். ஆனால் 2009இல் வியாழன் கோளில் நடந்த ஒரு பெரிய மோதலை உலகத்துக்கு முதலில் சொன்னது நாசாவும் இல்லை, எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. அவுஸ்திரேலியாவில், கன்பராவுக்கு வடக்கே மர்ரம்பேட்மன் என்கிற சின்ன ஊரில் இருந்த ஒரு கணினி நிரலாளர். பெயர் அன்ரனி வெஸ்லி. அப்போது வயது 44.

பகலில் மென்பொருள் வேலை, இரவில் வீட்டு வளவில் தொலைநோக்கி. அந்தத் தொலைநோக்கியும் கடையில் வாங்கினது இல்லை. 14.5 அங்குலக் கண்ணாடி வைத்து அவரே கட்டினது.

அவருடைய தொழில் இந்த இடத்தில்தான் கைகொடுத்தது. கோள்களைத் தெளிவாகப் படம் எடுக்கிறது லேசான வேலை இல்லை. பூமியின் காற்று அசைந்துகொண்டே இருக்கும். ஓடுகிற தண்ணிக்கு அடியில் கிடக்கிற சல்லிக்காசைப் பார்க்கிற மாதிரி, படம் நெளியும், மங்கும். அதனால் ஒரு படம் எடுக்காமல் வீடியோவாக ஆயிரக்கணக்கான படங்கள் எடுப்பார்கள். அதில் காற்று ஒரு கணம் அடங்கின நேரத்துப் படங்களை மட்டும் பொறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் தெளிவான படம் கிடைக்கும். ஆயிரம் படங்களைக் கையால் பொறுக்க ஏலுமா? அதுக்கு மென்பொருள் வேணும். வெஸ்லி எழுதிய ‘நினொக்ஸ்’ என்கிற மென்பொருள் கோளை நடுவுக்குக் கொண்டுவந்து, படங்களைத் தரம் பிரித்துத் தரும். அதை வேறு நாடுகளில் இருந்த அமெச்சூர் வானியலாளர்களும் பயன்படுத்தினார்கள்.

இனி 2009 யூலை 19ஆம் திகதி இரவுக்கு வருவோம். இரவு 11 மணியளவில் வேலையைத் தொடங்கினார். வானம் சரியில்லை. நடுச்சாமம் ஆனபோது மூடிவிடுவோம் என்றே யோசித்தார். தொலைக்காட்சியில் கோல்ஃபும் கிரிக்கெட்டும் போய்க்கொண்டிருந்தன. லோர்ட்ஸில் ஆஷஸ் டெஸ்ட் நடந்த நாட்கள் அவை. அரை மணித்தியாலம் அதைப் பார்த்துவிட்டு, மனசு கேட்காமல் திரும்பவும் வெளியே வந்தார்.

வியாழனின் தென்துருவப் பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி மெல்ல உருண்டு வந்துகொண்டிருந்தது. முதலில் அது ஒரு சாதாரண புயல் என்று நினைத்தார். பிறகு நிலவின் நிழலோ என்று யோசித்தார். ஆனால் நிழல் விழுகிற இடம் அது இல்லை, போகிற வேகமும் பொருந்தவில்லை. இரண்டு நாளுக்கு முன் தானே எடுத்த படங்களைத் திறந்து பார்த்தார். அதில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் ஏதோ ஒன்று வந்து மோதியிருக்கு! உடனே மற்ற வானியலாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்.

அதுக்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அடுத்த நாளே ஹவாயின் மவுனா கேயா மலையில் இருக்கிற நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி மோதலை உறுதிப்படுத்தியது. யூலை 23ஆம் திகதி ஹபிள் தொலைநோக்கியும் அந்த இடத்தைப் படம் பிடித்தது. ஹபிளில் அப்போதுதான் புதுக் கமரா பூட்டிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. அதை இடைநிறுத்தித்தான் வியாழன் பக்கம் திருப்பினார்கள். அந்தத் தழும்பு கிட்டத்தட்ட எங்கட பசுபிக் சமுத்திரம் அளவு. மோதினது 200 முதல் 500 மீற்றர் அளவிலான ஒரு சிறுகோளாக இருக்கலாம் என்று பின்னைய ஆய்வுகள் கணித்தன.

இது ஏன் முக்கியம்? 1994 யூலையில் ஷூமேக்கர்-லெவி 9 என்கிற வால்வெள்ளி துண்டு துண்டாக உடைந்து வியாழனில் விழுந்தது. அது அபூர்வமான சங்கதி, திரும்ப நடக்கப் பல தலைமுறை ஆகும் என்றுதான் பலரும் எண்ணினார்கள். சரியாகப் 15 வருசத்தில் அடுத்த அடி! அப்ப இப்படியான மோதல்கள் நாங்கள் நினைத்ததை விட அடிக்கடி நடக்குது என்றுதானே அர்த்தம்.

ஒருமுறை என்றால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். 2010 யூன் 3ஆம் திகதி வெஸ்லி வியாழனை வீடியோ எடுக்கும்போது இரண்டு செக்கனுக்கு ஒரு வெளிச்சம் மின்னி மறைந்தது. பிலிப்பைன்ஸில் இருந்த கிறிஸ்ரோஃபர் கோ என்கிற இன்னொரு அமெச்சூர் தன்னுடைய வீடியோவைத் தேடிப் பார்த்தார். அதிலேயும் அதே மின்னல். 8 முதல் 13 மீற்றர் அளவான ஒரு கல் எரிந்திருக்கிறது. அதைப் பற்றி விஞ்ஞானிகள் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வெஸ்லியின் பெயரும் ஒரு ஆசிரியராக வந்தது.

பெரிய தொலைநோக்கிகளின் நேரத்தை விண்ணப்பம் போட்டு, பங்கு பிரித்துத்தான் எடுக்க வேணும். ஒரே கோளை ஒவ்வொரு இரவும் பார்த்துக்கொண்டிருக்க அவர்களால் ஏலாது. அந்த இடைவெளியை நிரப்புவது இப்படியான ஆக்கள்தான். சம்பளம் இல்லை, பதவி இல்லை. ஆனால் பழைய படங்களை ஒழுங்காகச் சேமித்து வைத்திருந்தபடியால்தான் வெஸ்லியால் அந்த இரவில் “இது புதுசு” என்று துணிந்து சொல்ல முடிந்தது.

உங்களிட்ட 14.5 அங்குலக் கண்ணாடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு சாதாரண பைனாகுலரைக் கை ஆடாமல் எதிலாவது முட்டுக்கொடுத்து வைத்து வியாழனைப் பாருங்கோ. பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாக அதன் பெரிய நான்கு நிலவுகளும் தெரியும். அடுத்த நாளும் பாருங்கோ, இடம் மாறியிருக்கும். இரண்டு நாளும் கண்டதைக் கொப்பியில் வரைந்து, திகதி போட்டு வையுங்கோ.