செம்பருத்தியில் படிந்த வெள்ளை

"செம்பருத்தி இலையெல்லாம் வெள்ளையா இருக்கு, என்ன மருந்து அடிக்கலாம்?" நாலு தொட்டி வச்சிருக்கிற யாரும் ஒருதடவையாவது கேட்டிருக்கிற கேள்விதான். 2009-ல் எங்க வாசல் செம்பருத்திக்கும் இது வந்தது. சாம்பல் நோய்னு நானே முடிவு பண்ணி கந்தகத்தூள் தூவினேன். ஒண்ணும் ஆகலை. அப்புறம் வாரம் ஒருதடவை பூச்சிமருந்து. வெள்ளை போகலை, செடிதான் போச்சு. நான் வாசலில் செய்ததையே அப்போ கொங்கு மண்டல விவசாயிகள் ஏக்கர் கணக்கில் செய்துகொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

வந்திருந்தது பூஞ்சை இல்லை, பப்பாளி மாவுப்பூச்சி. பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்று முழுப்பெயர். சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். அங்கே யாரும் இதைப் பெரிசா கண்டுகொண்டதில்லை. 1990-களில் கரீபியன் தீவுகளுக்குப் பரவியது. 1998-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் தென்பட்டபோது உட்கார்ந்திருந்ததும் செம்பருத்தியில்தான்! 2008-ல் கோயம்புத்தூரில் அடையாளம் கண்டார்கள். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று ஒன்றையும் விடவில்லை. வேலியோரப் பார்த்தீனியத்தில்கூட குடியிருந்தது.

மருந்துக்கு ஏன் சாகவில்லை? உடம்பு மேலே மெழுகுப் பூச்சு, முட்டைகளுக்கு பஞ்சு மாதிரி ஒரு பை. தெளிக்கிற மருந்து உள்ளே இறங்குவதே கஷ்டம். ஆனால் அதைத் தின்கிற பொறிவண்டு மருந்தில் செத்துப்போகும். மல்பெரி வைத்திருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். மருந்து அடித்த இலையைப் போட்டால் பட்டுப்புழு சாகும், அடிக்காவிட்டால் போடுவதற்கு இலையே இருக்காது.

விடை பூச்சியின் சொந்த ஊரில் இருந்தது. அங்கே அதை அடக்கி வைத்திருந்தவை ரொம்பச் சின்ன ஒட்டுண்ணிக் குளவிகள். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை பெங்களூருக்குக் கொண்டுவந்து, சோதித்து, வளர்த்து, அந்த வருஷம் அக்டோபரில் தமிழ்நாட்டில் விட ஆரம்பித்தார்கள். அசிரோஃபேகஸ் பப்பாயே என்பதுதான் அதில் சக்கைப்போடு போட்டது. மாவுப்பூச்சிக்குள்ளே முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று, குளவியாகி, ஓட்டை போட்டு வெளியே வரும். பட்டுப்புழுவைத் தொடாது. 2011-க்குள் பெரும்பாலான இடங்களில் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. மூணு வருஷம் மருந்தால் முடியாததை ஒரு குளவி முடித்துவிட்டது.

சரி, உங்க செடிக்கு வருவோம். முதலில் விரலால் தேய்த்துப் பாருங்க.

மாவு மாதிரி மெல்லிசா இலைமேல் பரவி, தேய்த்தால் தூளாக வந்தால் சாம்பல் நோய். இதுக்குத்தான் கந்தகம், அதுவும் வெயில் உச்சியில் வேண்டாம். கிளையைக் கழித்து காற்றோட்டம் கொடுத்தாலே பாதி சரியாகும்.

காய்ந்த திட்டா, நீங்க தண்ணி தெளிக்கிற இடத்தில் மட்டும் இருந்தால் போர் தண்ணி உப்பு. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பஞ்சு மாதிரி கொத்துக் கொத்தா குருத்திலும் இலைக்காம்பிலும் இருந்து, பிசுபிசுத்து, எறும்பும் ஏறினால் மாவுப்பூச்சி. மோசமான குருத்தை வெட்டி சோப்புத் தண்ணியில் அமுக்குங்க. மற்றதை தண்ணியைப் பீய்ச்சிக் கழுவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து சாயங்காலம் தெளிங்க. எறும்பை முதலில் விரட்டணும். இனிப்புத் திரவத்துக்காக அதுதான் பூச்சிக்குக் காவல் நிற்கும். நடுவில் பழுப்பா உப்பி, ஓட்டை விழுந்த பூச்சிகள் கண்ணில் பட்டால் அந்தக் கிளையை மட்டும் விட்டுடுங்க. குளவி வந்தாச்சுன்னு அர்த்தம்.

அன்னிக்கு நான் இதைப் பார்த்திருந்தால் செடி பிழைத்திருக்கும். தேய்த்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

டிஸ்கி: இப்போ வாசலில் நிற்பது வேற செம்பருத்தி. பூச்சிமருந்து டப்பா வீட்டில் இல்லை :-)