கேல்ஸ்பர்க்: ஒரு ரயில் பட்டறை ஊரின் நினைவுகள்

நம் காலனியில் வளரும் குழந்தையிடம், “உன் சொந்த ஊர் எது?” என்று விருந்தினர் கேட்கும்போது, அது தாயின் முகத்தையும் தந்தையின் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். பெற்றோர் பிறந்த ஊர் ஒன்று. பிள்ளை ஓடி விளையாடும் ஊர் மற்றொன்று. இரண்டுள் எதனைச் சொல்வது? இவ்வினா நமக்கு மட்டும் உரியது அன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுமேற்குப் பகுதியில் உள்ள ஒரு சிறு நகரத்தின் வரலாற்றைப் படித்தபோது, அதே வினா அங்கும் எழுந்திருத்தலைக் கண்டேன். அதனை இம்மலரின் வாயிலாகச் சங்க அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

அந்நகரத்தின் பெயர் கேல்ஸ்பர்க். இல்லினாய் மாநிலத்தில், சிகாகோ மாநகரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 160 மைல் தொலைவில், புல்வெளிச் சமவெளியில் அமைந்தது. நியூயார்க் மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்த ஜார்ஜ் வாஷிங்டன் கேல் என்னும் பாதிரியாரும் அவருடைய குழுவினரும் 1837-ஆம் ஆண்டளவில் அதனை நிறுவினர். ஊரும் கல்லூரியும் ஒருங்கே தோன்றின. நாக்ஸ் கல்லூரி என்று பின்னர்ப் பெயர்பெற்றது அக்கல்லூரியே. அடிமை முறையை வெறுத்தவர் அவர்கள். தெற்கிலிருந்து தப்பி வந்த கறுப்பின மக்களுக்கு மறைவில் புகலிடம் அளித்தனர். 1858 அக்டோபர் 7-ஆம் நாள் ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் நிகழ்த்திய ஐந்தாவது வாதப்போர் அக்கல்லூரிக் கட்டடத்தின் வெளிமேடையில்தான் நடைபெற்றது. சன்னல் வழியே மேடைக்கு இறங்கிய லிங்கன், ‘ஒருவழியாகக் கல்லூரிக்குள் நுழைந்து வெளியேறிவிட்டேன்’ என்னும் பொருள்பட நகைச்சுவையாகக் கூறினாராம். கல்லூரிப் படிப்பே இல்லாதவர் அல்லரோ அவர்!

பக்தியும் கல்வியும் ஊரைத் தோற்றுவித்தன. ஆனால் அதனை வளர்த்தது ரயில். 1854-இல் இருப்புப்பாதை வந்தது. சிகாகோ, பர்லிங்டன், குவின்ஸி என்னும் மூன்று ஊர்ப் பெயர்களைத் தாங்கிய கம்பெனி அங்கே பட்டறைகளை நிறுவியது. ஸ்வீடன் நாட்டிலிருந்து வறுமையால் புறப்பட்ட மக்கள் அப்பட்டறைகளில் வேலைக்கு அமர்ந்தனர். அவர்களுள் ஒருவர் ஆகஸ்ட் என்பவர். கொல்லனுக்கு உதவியாளாக நின்று சம்மட்டி பிடித்தவர். நாள்தோறும் 10 மணி நேரம், வாரத்தில் 6 நாள் வேலை. அவருடைய பழைய குடும்பப் பெயர் ஜான்ஸன். பட்டறையில் ஜான்ஸன்மார் பலர் இருந்தமையால் சம்பளம் கை மாறிப்போயிற்று. அக்குழப்பம் தீரவே ஸாண்ட்பர்க் என்று பெயரை மாற்றிக்கொண்டார் என்பது குடும்பத்தார் கூறும் செய்தி. ஸ்வீடிஷ் பைபிளை அவர் படிப்பார்; எழுத அறியார். கையொப்பம் வேண்டிய இடத்தில் தற்குறியே இடுவார்.

அவருடைய மகன்தான் கவிஞரும் வரலாற்றாசிரியருமான கார்ல் ஸாண்ட்பர்க். இருப்புப்பாதைக்கு அணித்தாக இருந்த மூன்று அறைக் குடிலில் 1878 ஜனவரி 6-ஆம் நாள் பிறந்தார். வீட்டில் ஸ்வீடிஷ் மொழி, தெருவில் ஆங்கிலம். கார்ல் என்னும் பெயர் அயலார் பெயராக ஒலிக்கின்றதே என்று நாணி, பள்ளியில் சார்லஸ் என்று தம்மை அழைக்கச் செய்தார். நம் வீட்டுப் பிள்ளைகள், சக மாணவர் நாவுக்கு எளிதாகுமாறு தம் பெயரைச் சுருக்கிக்கொள்வதில்லையா? பல்லாண்டுகளுக்குப் பின், மனைவியார் லிலியன் வற்புறுத்திய பிறகே அவர் மீண்டும் கார்ல் ஆனார்.

ஒருமுறை வீடு தேடி வந்த புத்தக வியாபாரியிடம் தாயார் காசு கொடுத்து ஒரு நூல் வாங்கினார்; வீண் செலவு என்று தந்தையார் கடிந்துகொண்டார். தந்தையைக் கொடியவர் என்று நான் கருதவில்லை. ஏழு குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காசையும் எண்ணியவர் அவர். எட்டாம் வகுப்போடு கார்லின் படிப்பு நின்றது. பால் வண்டியில் வேலைக்குச் சென்றார். 1892 அக்டோபரில், டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் நோய் அவருடைய இளைய சகோதரர் இருவரை அரைமணி நேர இடைவெளியில் கொண்டுபோயிற்று. அந்நோய்க்குரிய மாற்று மருந்து பரவலாகக் கிடைப்பதற்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்தன. ஈமச் செலவு குடும்பத்துக்குக் கடனாயிற்று. அடுத்த ஆண்டு நாடெங்கும் பொருளாதார நெருக்கடி. பட்டறையில் வேலை நேரம் குறைந்தது, கூலியும் குறைந்தது. இத்தகைய இளமையை இனிய நினைவு என்று எவ்வாறு கூறுவது?

எனினும் அவ்வூரை அவர் வெறுக்கவில்லை. 1896-இல் தந்தைக்குக் கிடைத்த ரயில்வே பாஸில் முதன்முறையாகச் சிகாகோ சென்றார்; சட்டைப் பையில் ஒன்றரை டாலர். பாஸின் அருமையை ரயில்வேக் குடும்பத்தார்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை! அதே ஆண்டில் கல்லூரியில் லிங்கன் வாத நினைவு விழா நடைபெற்றது. லிங்கனின் மகன் ராபர்ட்டை அங்கே கண்டார். கல்லூரிச் சுவரில் பதித்த வெண்கலப் பலகையை வேலைக்குப் போகும் வழியில் நின்று நின்று படிப்பார். லிங்கனை நேரிற் கண்ட முதியோர் சிலர் அன்று ஊரில் உயிருடன் இருந்தனர். அவர்கள் பேசக் கேட்டார். இக்கேள்விச் செல்வமே பின்னாளில் லிங்கன் வரலாறாக விரிந்தது. 1926-இல் இரண்டு தொகுதிகளும் 1939-இல் நான்கு தொகுதிகளும் வெளிவந்தன. பின்னவற்றிற்கு 1940-இல் புலிட்ஸர் பரிசு கிடைத்தது. நிறுவியவர்களின் பெருமையைச் சுமந்த அவ்வெண்கலப் பலகையைத் தனதாக்கிக்கொண்டவன், தற்குறி இட்ட தொழிலாளியின் மகன். இவ்வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி இதுவே.

தம் 75-ஆம் வயதில், 1953-இல், ஸாண்ட்பர்க் தம் இளமை வரலாற்றை வெளியிட்டார். ‘என்றும் இளம் அந்நியர்’ என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். பட்டறை, பால் வண்டி, முடிதிருத்தகம், ஸ்வீடிஷ் தேவாலயம், தம்பியர் இறந்த அறை ஆகிய யாவும் அந்நூலில் உள்ளன. கல்லூரி நிறுவியவர்களின் ஆவணங்களில் காணக்கிடைக்காத கேல்ஸ்பர்க் அது.

அவர் பிறந்த குடில் பிறர் கைக்குப் போயிருந்தது. அவ்வூர்ப் பெண்மணி ஒருவர் முன்னின்று முயன்றதன் பயனாக அது மீட்கப்பெற்று 1946-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1967 ஜூலை 22-ஆம் நாள் வட கரோலினாவில் ஸாண்ட்பர்க் காலமானார். வாழ்நாளின் பெரும்பகுதியை வேறு ஊர்களில் கழித்தவர். ஆயினும் அவருடைய சாம்பல் அக்குடிலின் பின்புறத் தோட்டத்தில், ஒரு பாறையின் அடியில் வைக்கப்பட்டது; 1977-இல் மறைந்த மனைவியாரின் சாம்பலும் அங்கேதான் உள்ளது.

ஊரும் அப்படியே நின்றுவிடவில்லை. 1960-இல் 37 ஆயிரத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 2020-இல் 30 ஆயிரமாகக் குறைந்தது. 2004-இல் குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலை மூடப்பட்டு, உற்பத்தி மெக்ஸிகோவுக்குச் சென்றது. ஏறத்தாழ 1,600 பேருடைய வேலை போயிற்று. அவர்தம் பிள்ளைகளுள் பலர் பிழைப்புத் தேடி வேற்றூர் சென்றிருப்பர். இருப்புப்பாதை மட்டும் மாறவில்லை. குடிலுக்கு அணித்தே சரக்கு வண்டிகள் இன்றும் போய்க்கொண்டிருக்கின்றன.